கலந்து விளைந்த கரும்பு
தாவர அறிஞர் ஜானகி அம்மாளின் வாழ்க்கை

யூபிலி ஆண்டு வேலைகள் தொடங்கிய நாள் முதல் பங்கு இல்லத்துத் திண்ணை ஓய்ந்ததே இல்லை. ஒருபுறம் சப்பரத்துக்குச் சாயம் பூசுவோர். மறுபுறம் பாடற்குழுவின் ஒத்திகை. அப்படி ஒரு மாலையில், ஒத்திகைக்கு வந்த மேல்நிலைப் பள்ளி மாணவியர் மூவர் உயிரியல் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு நம்மிடம் ஓர் ஐயம் கேட்டனர். பாரம்பரிய விதிகளைக் கண்டறிந்த மெண்டல் ஒரு குருவானவர் என்று ஆசிரியை சொன்னது மெய்தானா என்பதே அந்த ஐயம். மெய்தான் என்றோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்களுள் ஒருத்தி அடுத்துக் கேட்டது நம்மைச் சற்று நிறுத்தி வைத்தது. இந்தக் கலையில் நம் நாட்டவர் எவரும் இல்லையா, அதிலும் பெண் ஒருவரும் இல்லையா என்று கேட்டாள்.

உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னையில் கல்வி கற்று, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, சென்னையை அடுத்த மதுரவாயலில் தம் இறுதி நாள்களைக் கழித்தவர் அவர். எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் என்பது முழுப் பெயர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்விலும், அவர் ஆராய்ந்த கரும்பிலும், நம் பங்குமக்கள் இந்த யூபிலி ஆண்டில் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அன்று பிள்ளைகளிடம் சுருக்கமாகச் சொன்னதை இம்மலரில் சற்று விரித்து எழுதுகிறோம்.

தலச்சேரி வீடு

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மலபாரில் தலச்சேரி என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்துப் பேணுவதிலும் பறவைகளைக் கவனிப்பதிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. செடியையும் கொடியையும் உற்றுநோக்கும் பழக்கம் அந்தத் தோட்டத்தில்தான் மகளுக்குத் தொற்றியது.

குடும்பத்தின் பிறப்புக் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தந்தையார் தீயர் சமூகத்தவர். கல்வியிலும் பதவியிலும் அவர்களுள் பலர் உயர்ந்திருந்தாலும், அந்நாளைய மலபார் அச்சமூகத்தைத் தாழ்த்தியே வைத்திருந்தது. தாயார் தேவி, ஹானிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கும் ஒரு மலபார்ப் பெண்ணுக்கும் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகள். ஆகவே சாதியைத் துருவிப் பார்ப்பவர் கண்ணில் ஜானகி இருவழியிலும் குறையுள்ளவர். ஒரு வழியில் தாழ்ந்த குலம், மறுவழியில் கலந்த குலம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதற்கல்வி தலச்சேரித் திரு இருதயக் கன்னியர் மடத்துப் பள்ளியில். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவே மிகை என்று பலர் எண்ணிய காலத்தில், நம் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடம் அச்சிறுமிக்குக் கதவு திறந்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம். பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

வீட்டார் உறவு முறையில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தனர் என்பர். அதே வேளையில், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. திருமணமா, படிப்பா என்ற கேள்வி எழுந்தது. அவர் படிப்பைத் தேர்ந்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கப்பலேறிச் சென்று முதுகலைப் பட்டம் பெற்று, 1931இல் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் பிடித்துக்கொண்ட துறை, செடிகளின் உயிரணுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி ஆராய்வது.

மடத்துத் தோட்டத்துப் பட்டாணி

குரோமோசோம் என்பது என்ன? அதைச் சொல்லுமுன் நம் மாணவியர் கேட்ட மெண்டலிடம் ஒரு நடை போய் வரவேண்டும்.

கிரகோர் மெண்டல் 1822இல் ஆஸ்திரியப் பேரரசின் ஒரு சிற்றூரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். படிக்கப் பணமின்றித் தவித்தபோது, அவருடைய தங்கை தன் சீதனப் பங்கிலிருந்து கொடுத்து உதவினாள். பின்னர் புருன் நகரில் புனித அகுஸ்தீன் சபையில் சேர்ந்து 1847இல் குருப்பட்டம் பெற்றார். ஆசிரியர் தேர்வில் தேறாமல் போனவர் அவர். ஆனால் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளைப் பொறுமையோடு வளர்த்து எண்ணிக் கணக்கெழுதினார்.

நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடியின் பூவில் சேர்த்தார். அல்லது மாற்றிச் சேர்த்தார். முளைத்தவை யாவும் நெட்டை. குட்டைத்தன்மை அழிந்துபோயிற்று என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அந்த நெட்டைச் செடிகளைத் தமக்குள்ளேயே காய்க்கவிட்டபோது, அடுத்த தலைமுறையில் 787 நெட்டையும் 277 குட்டையும் தோன்றின. அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. குட்டைத்தன்மை அழியவில்லை, ஒரு தலைமுறை மறைந்திருந்து வெளியே வந்தது. இதிலிருந்து மெண்டல் கண்ட உண்மை எளியது. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இரண்டும் வேறாக இருந்தால் ஒன்று ஓங்கி நிற்கும், மற்றது ஒடுங்கி மறைந்திருக்கும். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் பிரிந்து, எது யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது போல அமையும். அந்தக் கூறுகளையே இன்று மரபணு என்கிறோம். மரபணுக்கள் வரிசையாக அமைந்த நூலிழை போன்ற பொருளே குரோமோசோம். மனிதனுக்கு 46, அவற்றுள் 23 தாய்வழி, 23 தந்தைவழி.

மெண்டல் 1865இல் தம் ஆய்வை ஓர் அறிஞர் கூட்டத்தில் வாசித்தார். மறுஆண்டு அது அச்சிலும் வந்தது. உலகம் பொருட்படுத்தவில்லை. 1868இல் மடாதிபதி ஆனார். 1884 ஜனவரி 6ஆம் நாள் ஆண்டவரில் துயில்கொண்டார். 1900ஆம் ஆண்டில்தான் அறிஞர்கள் அவர் கட்டுரையைத் தேடி எடுத்து வியந்தனர். அப்போது தலச்சேரித் தோட்டத்துச் சிறுமிக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை.

நல்ல கரும்பும் பேய்க்கரும்பும்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜானகி அம்மாள் திருவனந்தபுரத்தில் இரண்டாண்டு கற்பித்தார். பின்னர் 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இன விருத்தி நிலையத்தில் பணியாற்றினார். அந்நிலையம் 1912இல் தொடங்கியது. பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும், அவருக்குத் துணையாக இருந்து பின் தலைமையேற்ற டி.எஸ். வெங்கட்ராமனும் அதை வளர்த்தவர்கள். கரும்பு அந்த ஊரில் நன்றாகப் பூத்து முளைக்கும் விதை தருவதே கோயம்புத்தூரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

நம் விவசாயிகள் இதைக் கேட்டு வியக்கலாம். நாம் கரும்பை விதைப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். கரணையில் முளைப்பது தாய்க்கரும்பின் அச்சுதான். நல்லதும் கெட்டதும் மாறாமல் அப்படியே வரும். புதுவகை வேண்டுமானால் பூவும் பூவும் சேர்ந்து விதை உண்டாக வேண்டும். விதையில்தான் கலப்பு, கலப்பில்தான் புதுமை.

அந்நாளில் இந்தியா தனக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியை ஜாவாத் தீவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. தென்னாட்டின் தடித்த இனிப்புக் கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. வடநாட்டுக் கரும்போ மெலிந்தது, விளைச்சல் குறைந்தது. வெங்கட்ராமனும் தோழர்களும் யாரும் எண்ணாத ஒன்றைச் செய்தார்கள். ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைத்துக் கிடக்கும் பேய்க்கரும்பை எடுத்தார்கள். அதில் சாறில்லை, இனிப்பில்லை. களையென்று வெட்டி எறியப்படுவது. அதை வெள்ளை என்ற நல்ல கரும்போடு கலந்தார்கள். பிறந்த கரும்புக்குக் கோ 205 என்று பெயர். 1918இல் வெளியிடப்பட்ட அக்கரும்பு, வடநாட்டு வயல்களில் பழைய கரும்பை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளியது. நல்ல கரும்பு இனிப்பைத் தந்தது. பேய்க்கரும்பு வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமையைத் தந்தது.

ஏன் இப்படி நேர்கிறது, எதனோடு எதைக் கலந்தால் என்ன விளையும் என்பதை உயிரணுவின் உள்ளே நுழைந்து பார்க்கும் வேலை ஜானகி அம்மாளுடையது. நல்ல கரும்பில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேய்க்கரும்பில் 64. வேறு இடத்துப் பேய்க்கரும்புகளில் 40 முதல் 128 வரை. இவற்றை ஊர் ஊராக, நாடு நாடாக ஒப்பிட்டுப் பார்த்து, பேய்க்கரும்பின் பிறப்பிடம் நம் பாரதநாடே என்ற முடிவுக்கு வந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், வேறு புல்லினங்களோடும் கலந்து அரிய செடிகளை உண்டாக்கினார். புல் குடும்பத்தில் இவை யாவும் தூரத்து உறவினர் என்பதை அக்கலப்புகள் மெய்ப்பித்தன.

இங்கே வியப்பான ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பொதுவாகத் தாய் பாதி, தந்தை பாதி என்பதே விதி. ஆனால் நல்ல கரும்பைத் தாயாகவும் பேய்க்கரும்பைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால், தாய் தன் 80ஐயும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது; தந்தை பாதியாகிய 32ஐத் தருகிறது; பிள்ளைக்கு 112. தாய் தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாத இந்தக் கொடையை நாம் பிரசங்கத்தில் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

1935இல் சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. இருந்தும் கோயம்புத்தூர் வாழ்வு அவருக்கு மலர்ப்படுக்கையாக இல்லை. மணமாகாத பெண், பிறப்பால் தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர், ஆண்களே நிறைந்த இடத்தில் அவர்களுக்குச் சமமாக நின்றார். அதனால் அவருக்கு இடர்கள் நேர்ந்தன என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். எண்ணிப் பாருங்கள். வயலில் பேய்க்கரும்பைக் கலந்ததால் நாட்டுக்குச் சர்க்கரை கிடைத்தது என்று கொண்டாடிய அதே காலம், மனிதர் என்று வந்தபோது பிறப்பைக் கேட்டது.

குண்டுமழையும் மக்னோலியா மலரும்

1939இல் எடின்பரோ நகரில் நடந்த உலகப் பாரம்பரியவியல் மாநாட்டுக்குச் சென்றார். மாநாடு நடக்கையிலேயே போர்மேகம் சூழ்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணி. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் ஒதுங்கியிருந்து, விடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு நுண்நோக்கியின் முன் அமர்ந்துவிடுவார் என்று அவரை அறிந்தோர் சொல்லியிருக்கின்றனர். நம் ஊர் அணிற்பிள்ளை ஒன்றைப் புடவைக்குள் ஒளித்து அந்த நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்பதும் அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. பெரிய படிப்பாளியாயினும் நெஞ்சு நம் ஊர் நெஞ்சுதான்!

டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை 1945இல் நூலாக வெளிவந்தது. உலகில் மனிதர் பயிரிடும் செடிகள் ஒவ்வொன்றிலும் குரோமோசோம் எத்தனை, அது எங்கிருந்து எங்கே பரவியது என்று காட்டும் அந்நூல் பல்லாண்டு அறிஞர் மேசையில் இருந்தது.

பின்னர் விஸ்லி என்னும் இடத்தில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை பணியாற்றினார். அங்கே கோல்ச்சிசின் என்ற மருந்தை முளைக்கும் செடிகளில் இட்டு, குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டார். இந்த மருந்து வேறெங்கோ கிடைப்பதன்று. நம் வேலியோரம் கார்த்திகை மாதத்தில் தீப்பிழம்பாய்ப் பூக்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அதே நஞ்சுச் சத்துதான் இருக்கிறது. அளவறிந்து இட்டால் இலை தடித்து, பூ பெருக்கும். இவ்வாறு அவர் வளர்த்த மக்னோலியாச் செடிகள் விஸ்லியில் மரங்களாயின. அவற்றுள் ஒரு வகைக்கு அவர் பெயரையே சூட்டினர்.

தாயகம் திரும்பியவர்

விடுதலை பெற்ற நாடு அவரை அழைத்தது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி உலக அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அழைக்கப்பட்டவர்களுள் அவர் ஒருவரே பெண். நம் சிற்றூர் மக்களின் பிழைப்பு, காட்டையும் கொடியையும் கிழங்கையும் எப்படி நம்பியிருக்கிறது என்பதே அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

1970இல் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தைச் சார்ந்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் தங்கினார். மருந்துச் செடிகள் வளர்த்தார். மஞ்சள் நிறப் புடவை, சிக்கனமான உணவு, ஓயாத வேலை என்று துறவியைப் போல வாழ்ந்தார். 1977இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

முதிய வயதிலும் ஒரு போராட்டத்தில் நின்றார். கேரளத்தில் பாலக்காட்டு மலையில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற பழங்காடு உண்டு. அங்கே குந்திப்புழை ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். வெறும் குரலோடு நில்லாமல், அக்காட்டின் செடிகளுடைய குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். பயிர் இனங்களைப் பெருக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் காட்டுச்செடிக்காக ஏன் போராடினார்? பேய்க்கரும்பை நினைத்துப் பாருங்கள். இன்று களையென்று நாம் அழிப்பதில்தான் நாளைய பயிரின் வலிமை ஒளிந்திருக்கிறது. அதை அவர் எண்ணிப் பார்த்தே அறிந்தவர்.

1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள், மதுரவாயலில், தம் 86ஆம் வயதில் ஜானகி அம்மாள் கண்மூடினார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மெண்டல் மறைந்தது 1884 ஜனவரி. இவர் மறைந்தது 1984 பிப்ரவரி. மடத்துத் தோட்டத்தில் ஒரு குருவானவர் தொடங்கிய கணக்கு, நூறாண்டு கழித்து நம் மதுரவாயலில் ஒரு பெண்மணியின் கையில் இருந்தது.

நமக்குரிய பாடம்

இவ்வளவும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. இப்போது பெரியவர்களிடம் பேசுகிறோம்.

முதலாவது, பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் குறைகூறும் வழக்கம். ஞானஸ்நானத்துக்கு வந்த வீட்டாரே முகம் வாடி நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். பாரம்பரியக் கலை சொல்வது வேறு. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோம் தந்தையிடமிருந்தே வருகிறது. தாயிடம் இருப்பது ஒரே வகை. ஆகவே குறைகூற ஆள் தேடுவோர் மருமகளைவிட்டு மகனிடம் போகவேண்டும். அவனும் சீட்டை விரும்பி எடுப்பவன் அல்லன். பிள்ளையை இறைவன் தந்த கொடையென ஏற்பதே சரி.

இரண்டாவது, சொத்து வெளியே போகாதிருக்க மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணம் முடிப்பது. மெண்டல் கண்ட அந்த ஒடுங்கிய கூறு குட்டைத்தன்மையாக மட்டும் இராது, நோயாகவும் இருக்கலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் தலைமுறைக்கும் தெரியாது. அத்தை மாமன் பிள்ளைகளுக்குள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் நாலில் ஒரு பங்கு. இருவரும் ஒரே குறையைச் சுமந்திருந்தால், பிள்ளையிடம் அது வெளிப்பட நாலில் ஒரு வாய்ப்பு. எல்லாக் குடும்பத்திலும் நேரும் என்று அச்சுறுத்தவில்லை. ஆனால் திருச்சபை இத்தகைய உறவைத் திருமணத் தடையாக வைத்து, ஆயரின் விலக்கு வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணவேண்டாம். விலக்கு மனுவோடு வருவோர் முதலில் மருத்துவரைக் கலந்து வாருங்கள்.

மூன்றாவதே முக்கியமானது. ஓலை வாசிக்குமுன் எந்த வகையறா என்று கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் கூட வரப்பு போட்ட இடங்கள் உண்டு. உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்கிறோம். இன்றைய அறிவியல் உலகத்து மாந்தரின் மரபுச் செய்தியை எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டது. எந்த இரு மனிதரை எடுத்தாலும் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே வேறுபாடு. சாதிக்கென்று ஒரு மரபணு இல்லை. தன்னைத் தூய்மையென்று சொல்லி வேலி போட்டுக்கொள்ளும் குலம் வலிமை பெறுவதில்லை. தன் குறைகளையே திரும்பத் திரும்பக் கலக்கிறது. கரணை மட்டும் நட்டுக்கொண்டிருந்தால் புதுக்கரும்பு பிறக்காது.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. ஆண்டுதோறும் வறட்சியும் வெள்ளமும் நோயும் செடிகளைச் சோதிக்கின்றன. தாங்கியவை விதை விடுகின்றன. நெடுங்காலத்தில் இனம் மாறுகிறது. பேய்க்கரும்பு வலிமை பெற்ற வழி இதுவே. இதை ஆராய்வதற்குத் திருச்சபை தடை விதிக்கவில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மனித உடலின் தோற்றத்தைப் பற்றி ஆராய இடமளித்தார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அது வெறும் ஊகம் அன்று என்று ஏற்றார். ஆன்மாவைப் படைப்பவர் இறைவன் என்பதே நாம் விடாமல் பற்றி நிற்கும் விசுவாசம். அந்த ஆன்மாவுக்கு வகையறா ஏது?

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் கானான் நாட்டு இராகாபும், மோவாபியப் பெண்ணாகிய ரூத்தும், உரியாவின் மனைவியும் இடம்பெறுகிறார்கள். மனுவுருவான இறைமகனே கலந்த குலத்தில் பிறந்தார். புறவினத்தாரைக் காட்டு ஒலிவக் கிளையாகவும், நாட்டு ஒலிவத்தில் அது ஒட்டப்பட்டதாகவும் புனித சின்னப்பர் உரோமையருக்கு விளக்கினார். அந்த ஒட்டுக்கிளைதான் நாம்.

ஒன்றை அறிக்கையிட்டு முடிக்கிறோம். நாம் புதுக்குருவாக உதவிப் பங்குத்தந்தை பணியிலிருந்த ஓர் ஊரில், திருவிழாச் சப்பரம் ஒரு தெருவை மட்டும் ஒதுக்கிவிட்டுத் திரும்பும். அத்தெருவுப் பெண்கள் முனையில் மெழுகுவர்த்தியோடு நின்று தூரத்திலேயே சிலுவை வரைந்துகொள்வார்கள். வழக்கம் என்றார்கள். நாம் வாய் திறக்கவில்லை. குருமடத்தில் படித்த வேதசாஸ்திரம் அன்று நம் நாவில் வரவில்லை. அந்த மெழுகுவர்த்திகள் இன்றும் நம் கண்ணை விட்டு அகலவில்லை.

நம் பங்கில் இந்த யூபிலி ஆண்டில் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகும் என்று பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. சிலருக்கு மனத்தாங்கல் இருப்பதும் நமக்குத் தெரியும். அவர்கள் வருகிற பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைச் சுவைக்கும்போது ஒரு கணம் நினைக்கட்டும். அந்த இனிப்பு நிலைத்து நிற்பது, எவரும் தொடாத பேய்க்கரும்பு ஒன்று என்றோ நல்ல கரும்போடு கலந்ததால்தான்.

அன்று ஐயம் கேட்ட மாணவியர் மூவரும் மூன்று தெருவைச் சேர்ந்தவர்கள். ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் நன்றாகப் படிக்கவும், நாம் அனைவரும் ஒரே சப்பரத்தின் பின்னே நடக்கவும் நம் பாதுகாவலரின் மன்றாட்டால் ஆண்டவர் அருள்புரிவாராக.

பங்குத்தந்தை